லைன்லயே இருங்க மேடம்

“என்னம்மா நீ, நெட்டு தாரோம்னு சொல்லிட்டுக் கஞ்சி வடிக்க மாதிரில்லா சொட்டுச் சொட்டா விடுதிய,” என்கிறேன் அம்மாவின் குரலில், மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம், இறால் கம்பெனியில் ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்று நின்று கட்டிப்போன சளியோடு, அம்மாவே கேட்டால் ‘நான் எப்போது வீட்டுக்கு வந்தேன்’ என்று திகைப்பாள், ஆனால் அம்மா இந்நேரம் கையுறை போட்டு இறால் உரித்துக்கொண்டிருப்பாள், வீட்டில் நானும் இமெல்டா அக்காவும்தான். போனின் அந்தப் பக்கம் சிட்டு ஃபைபர் வாடிக்கையாளர் சேவையின் அகல்யா, பெயரை அவளே சொன்னாள், ‘உங்களுக்கு எப்படி உதவலாம்’ என்று அந்த ‘லா’வுக்கு ஊஞ்சல் மாதிரி ஒரு தள்ளு கொடுத்தாள், உடனே அதை வாங்கி நாக்குக்கடியில் ஒளித்துக்கொண்டேன். “சிரமத்துக்கு வருந்துறோம் மேடம். உங்க இணைப்பைக் கண்காணிப்புல போடுறேன். லைன்லயே இருங்க மேடம்.” இருப்பேனே, இருக்கத்தானே கூப்பிட்டேன். அறைவாசலில் நிற்கிறேன், இங்கிருந்து இடது கண்ணுக்கு அக்கா, வலது கண்ணுக்கு மோடம். அக்கா ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் வெறும் சுவர், மாதா படத்தைக்கூட நேற்றே கழற்றிவிட்டாள், கைகளுக்குப் பின்னால் எதுவும் இருக்கக்கூடாதாம், மாதாவே ஆனாலும். எதிரே லேப்டாப், அதில் மூன்று கட்டங்கள், மூன்றும் இதோ இப்போதுவரை மாவு பூசிய மாதிரி மங்கி, இதோ, இதோ, தெளிகிறது, ஒரு மூக்கு, ஒரு கண்ணாடி, ஒரு விரல், பிறகு விரல்கள் எல்லாம். திறந்துவிட்டார்கள் குழாயை.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அவளுக்குப் பேச்சு என்றால் கை, போன் என்றால் வீடியோ. எனக்கு ஒரு அலோ போதும், அவளுக்கு அலோ சொல்லவே முகமும் பத்து விரலும் தெரிந்தாக வேண்டும், அதனால் எங்கள் வீட்டில் நெட்டு ஓடும் ஓட்டம் தெருவில் யார் வீட்டிலும் ஓடாது. அளவில்லாத் திட்டம் என்று விளம்பரத்தில் சிட்டுக்குருவி பறக்கிறது, மாதம் பாதி தாண்டியதும் குருவியின் காலில் கயிறு கட்டிவிடுகிறார்கள், கேட்டால் நியாயமான பயன்பாட்டுக் கொள்கை. கட்டியபிறகும் ஒரு சொட்டு மிச்சம் வைப்பார்கள், வாயால் பேசுகிறவர்களுக்கு அது போதும், படம் நின்றாலும் ‘கேக்குதா, கேக்குதா’ என்று ஒப்பேற்றிவிடுவார்கள், கையால் பேசுகிறவளுக்குப் படம் நின்றால் பேச்சு நின்றது. போன தடவை நேர்காணலில் அப்படித்தான், கேள்விக்குப் பதில் சொல்ல அக்கா கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள், அங்கேயே நின்றுவிட்டது, அவள் கை நிற்கவில்லை, இங்கே ஓடிக்கொண்டேதான் இருந்தது, அவர்கள் பார்த்த கை நின்றுவிட்டது, நெற்றியில் கை வைத்து வாயைப் பாதி திறந்து விழிக்கிற ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பிறகு கீழே எழுத்தில் வந்தது, நன்றி, பிறகு தெரிவிக்கிறோம். அக்கா அழவில்லை. துவைத்து மடித்த துணியை எல்லாம் எடுத்து மறுபடி துவைத்தாள். இன்றைக்கு வந்திருப்பது கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம், காது கேட்காத குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு வீடியோவில் கைமொழி சொல்லித்தருகிற வேலை, வீட்டிலிருந்தே, அக்கா இதற்கென்றே பிறந்தவள், என்னையே ஒன்றரை வயதில் கையால் சண்டைபோட வைத்தவள். இதுவும் போனால் வேறு எங்கும் எழுதிப்போட மாட்டேன் என்று நேற்று சொன்னாள், அதைச் சொல்லும்போது அவள் கைகள் சின்னதாக இருந்தன, மடியைத் தாண்டி எழவே இல்லை. செல்போன் டேட்டாவில் போடக்கூடாதா என்று யாராவது கேட்பார்கள், எங்கள் தெருவில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவே சிக்னல் ஒரு கோடு, பேச்சுக்குச் சரி, படத்துக்கு ஆகாது.

அதனால்தான் இந்தப் போன். இதைக் கண்டுபிடித்தது நான், பெருமையாகவே சொல்வேன், சும்மா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன், நெட்டு படுத்தால் சிட்டுக்குப் போன் போட்டு ஒரு நாள் கிழவனாக, ஒரு நாள் கல்யாணத் தரகராகப் பேசுவேன், அவர்கள் கண்காணிப்பில் போடுவார்கள், ‘இப்ப சோதிச்சுப் பாருங்க சார்’ என்பார்கள், பார்த்தால் வேகம் ஜம்மென்று இருக்கும், ‘சரியா வருது பாத்தீங்களா, பிரச்சனை எங்க பக்கம் இல்ல சார், புகாரை முடிச்சிடுறோம்’, போனை வைத்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதற்குள் மறுபடி மாவு. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். தரகரை வைத்துப் பார்த்தேன், கிழவனை வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அதே, லைனில் ஆள் இருக்கிறவரை குழாய் திறந்திருக்கிறது, ஆள் போனதும் மூடுகிறது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், வாடிக்கையாளர் வைக்காமல் அவர்கள் வைக்கக்கூடாதாம், ஆனால் நாம் பேசாமல் இருந்தால் வைத்துவிடலாமாம். அப்படியானால் பேசிக்கொண்டே இருந்தால்? ஒரு ஆள் எவ்வளவுதான் பேசுவாள், ஆனால் ஒரு வீடே பேசினால்? எனக்கு ஒரு வாய்தான், வாய்க்குள் தெருவே இருக்கிறது. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாள், நெட்டு இன்றைக்கு நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன், எப்படித் தெரியும் என்று கேட்டாள், தெரியும் என்றேன்.

“மேடம், இப்ப வேகம் சரியா வருதுங்களா? புகாரை முடிச்சிடலாமா?” முடிக்கவா, இப்போதுதான் வசுமதி மேடம் முதல் கேள்வியைக் கேட்டு முடிக்கிறார், நடுக்கட்டத்தில் இருப்பவர் அவர்தான், தலைவர், அவருக்கும் காது கேட்காது, பெரிய பெரிய கைகள், மேல் கட்டத்தில் டை கட்டிய ஒருவர், காது கேட்கிறவர், அலுவலக நிர்வாகம், ஓரத்துக் கட்டத்தில் ரெஹானா, மொழிபெயர்ப்பாளர், டை சொல்வதைக் கையாக்குவார், கை சொல்வதைக் குரலாக்குவார். அந்தக் குரல் இங்கே கேட்காது, லேப்டாப்பில் சத்தத்தை வைத்து இந்த வீட்டில் என்ன செய்ய. “இரும்மா, எங்க வீட்டுக்காரவுக பேசணுங்காவ,” என்கிறேன், போனைக் கையால் பொத்துகிறேன், ஒரு இருமல், வயிற்றின் அடியில் இறங்குகிறேன், அங்கேதான் அப்பா இருக்கிறார். “ஏம்மா. எம் பேரு பிச்சையா. ஒங்க மேனேசர் எவம்லே?” அப்பா யாரையும் லே போடாமல் பேசியதில்லை, கோவில் பூசையில் காணிக்கைத் தட்டைக்கூட ‘இந்தாலே’ என்றுதான் நீட்டுவார். “சார், கொஞ்சம் மரியாதையா…” “மரியாதையாத்தாம்லே கேக்கேன்.” அப்பா இப்போது எங்கே இருப்பார், அவர் போன சரக்குத் தோணி மாலத்தீவை விட்டுக் கிளம்பியிருக்குமா, வெங்காயம் இறக்கியிருப்பார்களா, அலை எப்படியோ, அவர் குரலை இங்கே நான் செலவழித்துக்கொண்டிருக்கிறேன், அங்கே அவருக்குக் குறைந்துவிடுமா, சீ, என்ன நினைப்பு. மாலேயில் இறங்கினால் வீடியோவில் வருவார், அக்காவோடு கையால் பேசுவார், சரக்கு தூக்குகிற வின்ச்சில் மாட்டி ஒரு விரல் பாதி போனவர், அதனால் அப்பாவின் கைக்குக் கொஞ்சம் திக்குவாய், சில சொற்கள் நொண்டும், அக்காவுக்கு அந்த நொண்டல்தான் பிடிக்கும், உலகத்தில் வேறு யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பாள். போன மாதம் வந்தார், நெட்டுக்குக் கயிறு கட்டிய நேரம், அப்பா ஒரு கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார், வா என்கிறாரா போ என்கிறாரா, நல்லாருக்கேன் என்கிறாரா இல்லையா, அக்கா திரையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அது அசையும் என்று உட்கார்ந்திருந்தாள், அசையவில்லை, தோணி கிளம்பிவிட்டது. “மாசம் பூரா துட்டு வாங்குதிய, பாதி மாசம் வேகம் தாரிய, என் புள்ள மூஞ்சிய நான் எப்பிடிலே பாக்க?” இந்த வரியை நான் யோசித்து வைக்கவில்லை. அப்பாவே சொல்லிவிட்டார்.

அகல்யாவுக்குப் பின்னால் ஏதோ ஒரு ஆண், “அகல்யா, ஏன் இன்னும் அந்தக் காலிலயே இருக்க, முடி முடி,” என்று விரட்டுகிறான், பல்லுக்கு நடுவில் காற்று விடுகிற குரல், இவனையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன். வலது கண்ணில் மோடம் பச்சை, இடது கண்ணில் அக்கா பெரிதாகப் பேசுகிறாள், முழங்கை வரைக்கும் பேசுகிறாள், வசுமதி மேடம் முன்னால் குனிகிறார், நல்லது, குனிந்தால் நல்லதுதானே, இல்லை சரியாகத் தெரியாமல் குனிகிறாரா, இல்லை, மேடம் சிரிக்கிறார், நல்லது, மூடாதே, மூடாதே, எனக்குத் தொண்டை காய்கிறது, தண்ணீர் குடிக்கப் போனால் அந்த ஒரு மடக்குக்குள், கூடாது. “வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்?” வேண்டும். மாடி வீட்டுத் தனுஷ்கோடி சாரை இறக்குகிறேன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், காய்கறிக்காரியிடமே செந்தமிழ் பேசுகிறவர், “அம்மணி, வணக்கம். ‘அளவில்லா’ என்னும் சொல்லைத் தாங்கள் எந்தப் பொருளில் ஆளுகிறீர்கள் என்று அறிய விழைகிறேன். அளவில்லாதது எனில் அதற்கு அளவு வைத்தவர் யாவர்?” அகல்யாவின் மூச்சில் ஒரு சின்ன உடைசல், சிரிப்பா, இருமலா. “ஐயா, அது திட்டத்தோட பேருங்க ஐயா.” “பெயரா? என் பெயர் தனுஷ்கோடி. யான் புயலில் அழிந்துவிடவில்லையே அம்மணி.” இது நன்றாக வந்தது, எனக்கே சிரிப்பு முட்டுகிறது, கதவுச் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொள்கிறேன். கொள்கை வாசிக்கிறாள், தனுஷ்கோடி சார் வரிக்கு வரி விளக்கம் கேட்கிறார், கேள்விகள் தீரப்போகின்றன, அடுத்தது யார், சாமியார் இருக்கிறார், மாதா கோவில் பங்குச் சாமியார், அவர் பேசினால் வாக்கியம் முடியவே முடியாது. “மகளே, ஆண்டவருக்குள் பிரியமான மகளே…” “ஐயா, நீங்க யாருங்க?” “இந்தப் பங்கின் சாமியார், வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தேன், வந்த இடத்தில் இந்த வீட்டாரின் துயரத்தைக் கண்டேன்.” அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றுவிடுகிறது. ஐயோ, சாமியாரைக் கூப்பிட்டிருக்கக்கூடாது, பேராசை, எப்போதுமே ஒன்று கூடுதலாகப் போய்த்தான் மாட்டுவேன், வைத்துவிடப்போகிறாள். பிறகு அகல்யா மெதுவாக, ஊஞ்சல் எல்லாம் இறங்கிய ஒரு குரலில், பக்கத்தில் யாருக்கும் கேட்காத மாதிரி, “வீட்டுல இன்னும் யாராச்சும் இருக்காங்களா பேச?” என்கிறாள். “பொறுமையாவே கூப்பிடுங்க. நான் லைன்லதான் இருக்கேன்.”

எனக்குக் காது சுட்டுவிட்டது. தெரிந்துவிட்டதா அவளுக்கு, எப்போது, அப்பாவிலேயேவா, தெரிந்தும் கேட்கிறாள் என்றால், அதை யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் இடது கண்ணில் ஏதோ சரியில்லை. டை கட்டியவர் முகத்தைக் கையால் மூடியிருக்கிறார். வசுமதி மேடத்தின் தோள் குலுங்குகிறது. ஓரக்கட்டத்து ரெஹானா கையால் மார்பில் ஒரு சிலுவை வரைந்து, கண்ணைப் பாதி மூடி, இரண்டு கையையும் விரித்து, மகளே என்கிறார். மகளே, ஆண்டவருக்குள் பிரியமான. என் சாமியார். என் சாமியார் ரெஹானாவின் கையில் நிற்கிறார். மைக். லேப்டாப் மைக்கை யாரும் மூடவில்லை, இந்த வீட்டில் ஸ்பீக்கரை மூடுவோம், மைக் என்று ஒன்று அதற்குள் இருப்பதையே யாரும் நினைத்ததில்லை, அக்கா அதில் எதைப் பேசப்போகிறாள், மூடுவதற்கு, எல்லாம் போயிருக்கிறது, அம்மாவின் சளி, அப்பாவின் லே, கோயம்புத்தூர் வரைக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, அக்கா சொல்லியிருக்கிறாள், காதில் விழுகிற எதையும் ஒளிக்கக்கூடாது, நாய் குரைத்தால் நாய் குரைக்கிறது என்று கையில் சொல்லியாக வேண்டும், குக்கர் விசிலடித்தால் விசிலடித்தாக வேண்டும், கேட்கிறவனுக்குக் கிடைப்பதெல்லாம் கேட்காதவளுக்கும் கிடைக்க வேண்டுமாம். எத்தனை நேரமாக? அக்காவின் வேலை, என் வாயால், இந்த நாற வாயால். அக்காவின் முதுகு எனக்குத் தெரிகிறது, முதுகு ஆடுகிறது, அழுகிறாள். அவள் திரும்புகிறாள். சிரித்துச் சிரித்து மூக்கு சிவந்திருக்கிறது. ரெஹானா செய்த அப்பாவை அவள் செய்கிறாள், மீசை, குத்துகிற விரல், முன்னால் தள்ளிய தாடை, செய்துவிட்டுக் கேட்கிறாள், இப்படித்தான் பேசுவாரா? அப்பா? சத்தத்தில் இவ்வளவு கோபக்காரரா? நான் தலையை ஆட்டுகிறேன். கையில் பேசுகிற அப்பா கெஞ்சுகிற ஆள், மெதுவான ஆள். அக்காவுக்கு இந்த அப்பாவை இன்றைக்குத்தான் தெரியும்.

டை கட்டியவர் தொண்டையைச் சரிசெய்து ஏதோ கேட்கிறார், ரெஹானாவின் கையில் அது வருகிறது, நான் வாசலிலிருந்தே படிக்கிறேன், எல்லாம் நிறைவாக இருக்கிறது, எப்போது சேரலாம் என்று பேசலாம், ஆனால் ஒன்று, வகுப்பு முழுக்க வீடியோவில், உங்கள் இணைப்பு எப்போதும் இப்படித்தான் இருக்குமா? அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று கெஞ்சுகிறேன், ஆமாம் என்று சொல், சொல்லித் தொலை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், தினமும் போன் போடுகிறேன், என்னிடம் இன்னும் தரகர் இருக்கிறார், கிழவன் இருக்கிறான், பல்லில் காற்று விடுகிறவன் இருக்கிறான், சாகும்வரை பேசுகிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, கையை மடியிலிருந்து எடுத்து, நிதானமாக, இல்லை என்கிறாள். “இல்லை. என் தங்கச்சி சண்டை போடுகிறவரைக்கும்தான் இப்படி இருக்கும். அவள் நிறுத்தினால் நீங்கள் என்னை நெற்றியில் கை வைத்தபடி பார்ப்பீர்கள்.” முடிந்தது, போயிற்று. ஆனால் அவள் நிறுத்தவில்லை, வசுமதி மேடத்திடம் எதையோ கேட்கிறாள், அவ்வளவு வேகமாக, எனக்கே பாதி பிடிபடவில்லை, மேடம் யோசிக்கிறார், தலையசைக்கிறார், ரெஹானாவைப் பார்க்கிறார், ரெஹானா நிமிர்ந்து உட்காருகிறார். அக்கா திரும்பி என் கையைக் காட்டுகிறாள். போனை. கொண்டா இங்கே.

லேப்டாப்பின் சத்தத்தை முதல் தடவையாக ஏற்றுகிறேன். அறைக்குள் ரெஹானாவின் குரல், கொஞ்சம் கரகரப்பு, கொங்கு இழுவை, எங்கள் வீட்டில் பேசியே இராத குரல். போனை ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப் அருகே பிடிக்கிறேன். அக்காவின் கை எழுகிறது, குரல் அதன் பின்னால் வருகிறது, “அகல்யாங்க, என் பேரு இமெல்டா. இந்த இணைப்பு என் பேருலதான் இருக்குது. இவ்வளவு நேரம் பேசுன யாரு பேருலயும் இல்ல.” அகல்யா, “சொல்லுங்க மேடம்,” என்கிறாள். “நான் கையாலதாங்க பேசுவேன். நீங்க அதை வீடியோன்னு கணக்கு எழுதுறீங்க. மாசம் பாதிக்கு மேல உங்க வாயில யாராச்சும் துணி அடைச்சா, நியாயமான பயன்பாடுன்னு சும்மா இருப்பீங்களா?” என் உதடு தானாக அந்தக் கரகரப்பைப் பிடிக்கப் பார்க்கிறது, பழக்கம், உதட்டைக் கடித்துக்கொள்கிறேன், இது அவளுடையது, அக்காவின் கைமுட்டி மேசையில் இறங்குகிறது, குரல் அதே இடத்தில் உயர்கிறது, “கண்காணிப்புல இருக்கறப்ப வர்ற வேகம் மத்த நேரம் எங்கீங்க போகுது? நீங்க சொல்ற வரைக்கும் நான் லைனை விட மாட்டேன்.” பல்லில் காற்று விடுகிறவன் பின்னால் ஏதோ கத்துகிறான். அகல்யா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. “மேடம், நீங்க சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை பதிவு பண்ணிட்டேன். கண்காணிப்பை நான் நீக்கல. இதை எனக்கு மேல இருக்கறவங்ககிட்ட மாத்துறேன். ரொம்ப நேரம் ஆகும், பரவாயில்லைங்களா?” ரெஹானாவின் கை அதை அக்காவிடம் கொடுக்கிறது. அக்கா வசுமதி மேடத்தைப் பார்க்கிறாள், நேர்காணலுக்குக் கொடுத்த நேரம் எப்போதோ தீர்ந்திருக்கும். மேடம் பெரிய கைகளால் சொல்கிறார், “வருகிற திங்கட்கிழமை உன் முதல் வகுப்பு, பத்துப் பெற்றோர். அதற்குள் இந்த லைன் சரியாக வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கும் சிட்டுதான். நாங்களும் இருக்கிறோம்.” டை கட்டியவர் டையைத் தளர்த்துகிறார். போனில் பாட்டு ஆரம்பிக்கிறது, காத்திருப்பவர்களுக்குப் போடுகிற அந்தப் புல்லாங்குழல், ரெஹானா ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, வழக்கப்படி, விரலால் அதை நெளித்து நெளித்துக் காட்டுகிறார், சுற்றி வந்து மறுபடி அதே இடம், மறுபடி அதே இடம், அக்கா முகத்தைச் சுளிக்கிறாள், இவ்வளவு கேவலமாகவா இருக்கும் பாட்டு என்கிறாள், வசுமதி மேடம் பெரிதாக ஆமாம் போடுகிறார், யாரும் போகவில்லை.